மக்னெற்றோவைக் கண்டெடுத்தேன், ஐயா

என் ஆசை ஐயாவுக்கு,

உங்கள் மூக்கையும் பிடிவாதத்தில் பாதியையும் வாங்கிக்கொண்டு பிறந்த உங்கள் பெரிய பிள்ளை எழுதுகிறேன். வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு மலரில் போடுவதற்கு மகள் எழுதிய கடிதம் ஒன்று வேண்டும் என்று தம்பி கனடாவிலிருந்து சொன்னான். உங்கள் உழைப்பு, கோயில் தொண்டு, நேர்மை எல்லாம் அதில் வரவேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு மிஞ்சக்கூடாதாம். நேர்மை வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனை நகரவில்லை.

அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் மிசினின் மக்னெற்றோ கிடைத்துவிட்டது, ஐயா. நீங்கள் இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிக் கொதித்த அதே மக்னெற்றோ. அந்தோனி மாமா அதை விற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இப்போது உங்கள் முகம் எப்படிச் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்கும் விளங்கவேண்டும்.

நீங்கள் அந்த மிசினை வாங்கியபோது நான் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் செய்தது. இரண்டு சில்லு, இரண்டு கைபிடி, முன்னால் ஒரு சின்ன இஞ்சின், கீழே மண்ணைக் கிண்டுகிற வளைந்த கத்திகள். பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கவேண்டும். ஊர் அதை லான்மாஸ்டர் என்றது. நீங்கள் மட்டும் மிசின் என்பீர்கள், உலகத்தில் வேறு மிசின் இல்லாதது போல. பெற்றோலில் பற்றவைத்து மண்ணெண்ணெயில் ஓட்டுவீர்கள். எங்கள் ஊர் கரம்பொன்னில் வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தறையும் அதன் கையால்தான் பண்பட்டன. நான் அழுதால் அம்மா தூக்குவா, மிசின் இருமினால் நீங்கள் ஓடுவீர்கள். அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பா.

மிசின் இருமினால் நீங்கள் கூப்பிடுவது அந்தோனி மாமாவை. கடலுக்குப் போகிற மனிதர். வள்ளத்து இஞ்சின்களைத் திருத்தித் திருத்தி, எந்த இஞ்சினையும் காது கொடுத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். உங்களை அண்ணை என்பார், அம்மாவை அக்கா என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சேட்டோடு வந்து, சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மிசினுக்குப் பக்கத்தில் குந்துவார். அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் உங்களுக்குப் பேச்சும் கொடுப்பா. எனக்குத் தெரிந்து உங்களுக்கு அவரைவிட நெருங்கிய கூட்டாளி இருந்ததில்லை.

சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்த அந்தக் கிழமையில் மிசின் சரியாகப் பற்றவில்லை. பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற மக்னெற்றோவை அந்தோனி மாமா கழற்றித் துப்புரவாக்குவதற்குத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அரைத் தேங்காய் அளவு சாமான். அடுத்த நாள் ஊர் கிளம்பிவிட்டது. நீங்கள் என்னையும் தம்பியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு முதலில் போனீர்கள். அம்மா ஆடுகளை யாரிடமாவது கையளித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் பிந்தினா. பாதை மூடுபட்டபின் அவவை வள்ளத்தில் ஏற்றி, அலைக்குள்ளாலும் பயத்துக்குள்ளாலும் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தது அந்தோனி மாமாதான். இதை நீங்கள் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலேயே மூன்று கிழமைக் காய்ச்சலில் அம்மா போய்விட்டா. அந்த நேரத்தில் மிசினை யார் நினைத்தார்கள்?

ஆறேழு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை. மாட்டுக் கொட்டில் சரிந்து, அதற்குக் கீழே மிசின் மட்டும் கிடந்தது. மக்னெற்றோ இல்லாதபடியால்தான் அதை ஒருவரும் ஓட்டிக்கொண்டு போகவில்லை என்று இன்றைக்கு விளங்குகிறது. நீங்கள் அன்றைக்கே அந்தோனி மாமாவிடம் போய்க் கேட்டீர்கள். அவர் சொன்னது இதுதான்.

“ஊர் ஓடின அண்டைக்குப் பின்னேரமே கொண்டுவந்து அக்கான்ரை கையிலை குடுத்தனான், அண்ணை. ஒருத்தற்றை பொருளை வைச்சுக்கொண்டு ஓட ஏலாது எண்டுதான் வந்தனான்.”

நீங்கள் வீடு வந்து என்னைக் கேட்டீர்கள். “அம்மா மக்னெற்றோவைப் பற்றி ஏதும் சொன்னவவோ?”

“இல்லை, ஐயா,” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அம்மா வந்த அன்றைக்கே காய்ச்சல் தொடங்கிவிட்டது, கடைசி நாட்களில் தண்ணீர் கேட்கக்கூட அவவுக்குக் குரல் இருக்கவில்லை, நாங்களும் அவவை ஒன்றும் கேட்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபது வயது, சின்னப்பிள்ளை இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நீங்கள் வாசிகசாலைக்குப் போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. பேப்பர் பார்க்கிற சனம் நிறைந்த நேரம். அந்தோனி மக்னெற்றோவை விற்று வலை வாங்கினான், இப்போது செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுக்கிறான், வேண்டுமென்றால் என் மகளைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னீர்கள். ஒருவரும் என்னைக் கேட்க வரவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. நாங்கள் காணிக்காரர், அவர் கடலுக்குப் போகிறவர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஊர் எங்களை நம்பியதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவரிடம் தண்ணீர் இறைக்கிற இஞ்சினைத் திருத்தக் கொடுத்தவர்களும் கொடுப்பதை விட்டார்கள். சாமான் களவு போகுமாம். எல்லா இஞ்சினையும் திருத்திய அந்தக் கைக்கா கள்ளன் என்ற பேர்?

சரி, மிசினுக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒருநாளும் திருத்தவில்லை. பழைய மக்னெற்றோ ஒன்று யாழ்ப்பாணத்தில் தேடினால் கிடைத்திருக்கும், பிறகு கொழும்பிலும் கிடைத்திருக்கும். தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறேன் என்றும் கேட்டான். நீங்கள் விடவில்லை. கொட்டிலைத் திருத்திக் கூரை போட்டு, அதற்குள் மிசினை வைத்துத் தறப்பாளால் மூடி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தறப்பாளை விலக்கிக் காட்டினீர்கள். ‘இந்தா, அந்தோனியின்ரை வேலை’ என்பீர்கள். நீதிமன்றத்தில் வழக்குப் பொருளைக் காட்டுவதைப் போல. எனக்கு அதைக் காணவே எரிச்சல் வரும், ஐயா. எரிச்சல் வந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவள்தான் நான்.

நீங்கள் போய் நாலு மாதத்தில் பழைய இரும்பு வாங்குகிறவர் லொறியோடு வந்தார். தம்பியும் கொடுக்கச் சொன்னான். அந்த ஆள் தறப்பாளை இழுத்ததும் நான் குறுக்கே போய் நின்றேன். விற்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் திவசத்துக்கு முன்னம் இதை ஓட வைத்துப் பார்க்கவேண்டும் என்ற யோசனை அன்றைக்குத்தான் வந்தது. மக்னெற்றோ வேறு எங்காவது வாங்கிப் பூட்டிவிட்டால் இந்தக் கதையே முடிந்துவிடும் என்று நினைத்தேன் போல. பள்ளிக்கூடத்தில் காந்தமும் சுருளும் படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய வேலையா என்ற திமிரும் இருந்தது.

திமிரெல்லாம் முதல் நட்டிலேயே இறங்கிவிட்டது. ஒரு நட்டும் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. பிளக் ஓட்டைக்குள் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினொரு நாள் ஊறவிட்டேன். புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. எண்ணெய்த் தாங்கிக்குள் சல்லிக் கல்லும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினேன், உள்ளே இருந்த துருக்கறள் கோப்பி போல வந்தது. நட்டுகளையும் போல்ட்டுகளையும் பழப்புளி கரைத்த வாளியில் போட்டேன். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் வீட்டுப் பின்வளவில் இதே மிசினைத் திருத்துகிற வீடியோவைக் கைபேசியில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் பேசுகிற இங்கிலீசில் பாதி விளங்காது. கறளைக் கண்டதும் அவர் விடுகிற பெருமூச்சு மட்டும் நன்றாக விளங்கும்.

உங்கள் மருமகனைக் கேட்காதீர்கள். இவர் டோச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அடிப்பார். ஆனாலும் பதின்மூன்றாம் நாள் ஒரு மரக்கட்டையை வைத்து இரண்டு தட்டுத் தட்ட பிஸ்டன் அசைந்தபோது, இவர்தான் முதலில் கைதட்டினார்.

கத்திகளில்தான் எல்லாம் நடந்தது. கொட்டில் விழுந்தபோது இரண்டு கத்திகள் வளைந்துபோயிருந்தன. அவற்றை நிமிர்த்துவதற்கு அசையாத கல் ஒன்று வேண்டும், மேலே வைத்துச் சுத்தியலால் அடிக்கவேண்டும். வளவில் அப்படி ஒரு கல் இல்லை. அப்போது பழைய குசினி நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபின் நாங்கள் புதுக் குசினி கட்டினோம், பழையது கூரை இல்லாமல் அப்படியே கிடக்கிறது. மூலையில் அம்மாவின் அம்மி மண்ணோடு பதிந்து இருந்தது. நானும் இவரும் அலவாங்கு போட்டுக் கிளப்பினோம்.

அம்மிக்குக் கீழே பால்மாப் பேணி ஒன்று. மூடியைச் சுற்றி மெழுகு. திறந்தால் அம்மாவின் நீலச் சேலைத் துண்டு. அதற்குள் உங்கள் மக்னெற்றோ. நல்லெண்ணெய் பூசி வைத்திருக்கிறா, ஊறுகாய்க்கு ஊற்றுவது போல. கறள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

நான் அந்த மண்ணிலேயே இருந்துவிட்டேன். முதலில் அம்மாவை நினைத்துத்தான் அழுதேன். தனியாக, ஊரே ஓடுகிற பின்னேரத்தில், தன் நகையை ஒளிக்கிற இடத்தில் உங்கள் மிசினின் சாமானை ஒளித்திருக்கிறா. பெண்கள் எல்லாரும் அந்த நாட்களில் அம்மிக்குக் கீழும் அடுப்புக்குக் கீழும்தான் வைத்தார்கள். ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் அங்கே பாருங்கள் என்று சொல்லியிருப்பாள்.

நீங்கள் தேடினீர்கள், ஐயா. இல்லை என்று சொல்லமாட்டேன். கொட்டிலைக் கிண்டினீர்கள், கிணற்றை இறைத்தீர்கள், எருக் குழியைக்கூட வெட்டிப் பார்த்தீர்கள். குசினியை மட்டும் பார்க்கவில்லை. அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே நீங்கள் அந்த வாசல்படியைத் தாண்டியதில்லை. சாப்பாடு வெளியே வரும், வெறும் கோப்பை உள்ளே போகும். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள், அம்மியைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியே இருக்காது. எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் பெண்தானே. நானும் தேடவில்லை, ஏனென்றால் நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன். அல்லது நம்புவது வசதியாக இருந்தது. இரண்டில் எது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. ஐந்து கிழமை ஒன்றும் செய்யவில்லை. மக்னெற்றோவைப் பூட்டினேன், பிளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன், நீலமாகத் தீப்பொறி பாய்ந்து என் கையை உதறிவிட்டது. பிறகு கைபிடிக்கு ரப்பர் போட்டேன். சில்லுக்குப் பெயின்ற் அடித்தேன். காய்ந்தபின் இன்னொருமுறை அடித்தேன். அந்தோனி மாமாவின் வீடு எங்கள் ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிடம். போய்க் கதைக்கவேண்டியவள் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன்.

இவர் வேண்டாம் என்றார். “ஐயாவும் போயிட்டார். அந்த மனுசனும் மறந்து இருக்கும். ஏன் கிளறுறீர்?” என்றார். தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன், “செத்த மனுசன்ரை பேரை நாறடிக்கப்போறியோ, அக்கா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடுதான் நான் இவ்வளவு நாளும் படுத்து எழும்பினேன், ஐயா. உங்கள் பேரை எனக்குப் பிடிக்காதா? இந்த வளவில் நீங்கள் வெட்டாத பாத்தி இல்லை. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரி இழுத்துவிட்டவர் நீங்கள். என் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சால்வையை நீங்கள் கட்டையேறும்வரை போட்டீர்கள். அப்படிப்பட்ட உங்களைப் பற்றி ஊருக்கு முன்னால் நானே குற்றம் சொல்வதா? ஆனால் உங்கள் பேரை நான் மூடிப் பாதுகாக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மனிதர் கள்ளனாக இருக்கிறார். அவருக்கு எண்பது ஆகப்போகிறது.

போன மாதம் இவர் கடைக்குப் போய்விட்டு ஒரு செய்தியோடு வந்தார். அந்தோனி மாமாவை மகள் றோசலின் மன்னாருக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம், வீட்டைப் பூட்டப்போகிறார்களாம். அன்றைக்கு நான் பெயின்ற் பேணியை மூடினேன்.

எதைச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுப் படலைக்குப் போவது? மக்னெற்றோ கிடைத்தது என்றா? அது எங்கள் செய்தி, அவருக்கு அது என்றைக்கோ தெரியும். மன்னியுங்கள் என்றா? அந்த வாயோடு போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு நாங்கள் கொடுக்காமல் விட்டது வேறொன்று என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவு காதில் விழுந்தால் போதாது. செத்த வீட்டு ஆள் படலைக்கு வந்து சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்கு மானமுள்ளவன் போகமாட்டான். அவர் மனுசி மரியம்மா மாமி செத்தபோது அவர் பகையைப் பார்க்காமல் எங்களுக்கு ஆள் அனுப்பிச் சொன்னவர். நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள், ஒருவரும் போகவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, “அந்தோனிக்குச் சொல்லக்கூடாது,” என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. உங்கள் பாடை போனபோது அவர் ஒழுங்கை முடிகிற மதகடியில், தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். படலையில் நின்ற எனக்குத் தெரிந்தது. உள்ளே வர அவருக்கு வழி இல்லை. நாங்கள் வழி வைக்கவில்லை.

ஆகவே ஒரு காலைப்பொழுதில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, அவர் படலையில் போய் நின்றேன். அவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். கண் மங்கிவிட்டது. றோசலின் என்னைக் கண்டு எழும்பி, தகப்பனின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அவர் யார் என்று கேட்டார். உங்கள் பேரைச் சொல்லி, அவரின் மகள் என்றேன். உள்ளே வந்து இருக்கச் சொன்னார். இருக்கக்கூடாது, செத்த வீட்டுக்குச் சொல்ல வந்தவள் என்றேன்.

“ஐயா செத்துப்போனார், மாமா. உங்களுக்குச் சொல்ல வந்தனான்.”

அவர் தெரியாதவர் போலக் கேட்டார். “எப்ப?”

“போன வருசம்.”

அவர் றோசலினிடம் வேட்டியும் சால்வையும் எடுத்து வரச் சொன்னார். நான் வந்த வழியே திரும்பினேன், வருகிறேன் என்று சொல்லவில்லை, செத்த வீடு சொல்லப் போனவள் அப்படிச் சொல்வதில்லை. நான் வீடு வந்து கொஞ்ச நேரத்தில் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்றார், ஐயா. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். நான் பேணியையும் சேலைத் துண்டையும் அவர் கையில் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். துணியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அக்கா கட்டியிருந்த சீலை,” என்றார். பிறகு சொன்னார், “அக்கான்ரை பேரைச் சொல்லி நான் பொய் சொல்லுவனோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை. விற்றதெண்டு சொன்னதைவிட அதுதான் எனக்கு நொந்தது.”

எனக்குத் தெரிந்த விஞ்ஞானம், படிப்பு, வயது எல்லாம் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. நீங்கள் கேட்டபோது நான் ‘இல்லை’ என்று சொன்னதை, அதோடு நிறுத்தியதை, அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். றோசலின் மறுபக்கம் திரும்பி நின்றாள். அவர் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதை அவர் சொல்லாதபோதுதான் அறிந்தேன்.

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிசினை இன்னும் நான் ஓட்டவில்லை. முதல் இழுவை அவர் கையால்தான் இருக்கவேண்டும் என்று வைத்திருந்தேன். இஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க ஏலாது என்றார். ஆனால் குனிந்து தாங்கிக்குக் கீழே விரலால் தடவி, மணந்து பார்த்து, பெற்றோல் கசிகிறது, குழாயைப் பூட்டாமல் விட்டிருக்கிறாய் என்று சொல்லித் தானே பூட்டிவிட்டார். கைபிடியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

நான் நினைவு மலரில் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், ஐயா வாசிகசாலையில் சொன்னபடியால் திவசத்தன்று அங்கேயே போய் வாசிக்கவும் போகிறேன் என்று சொன்னேன். எழுது என்றார், வாசி என்றார். படலைக்குப் போய் நின்று திரும்பினார்.

“ஒண்டு மட்டும், பிள்ளை. அந்தோனி மன்னிச்சிட்டான் எண்டு எழுதிப்போடாதை. நான் இன்னும் மன்னிக்கேல்லை. அண்ணையையும் இல்லை, உன்னையும் இல்லை. மன்னிச்சால் நானே சொல்லி அனுப்புவன்.”

அடுத்த நாள் அவர்கள் மன்னாருக்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. ஒரு கண நேரம் உங்கள் மகளாக நின்று, இவ்வளவும் செய்தபிறகுமா என்று நினைத்தேன். பிறகு வெட்கம் வந்தது. இப்போது இரண்டும் இல்லை, ஒரு பாரம் மட்டும் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பழகுகிறேன். தம்பி இதை அச்சுக்குக் கொடுக்கமாட்டேன் என்றால் நான் கைப்பட எழுதி ஒட்டுவேன், அவனுக்கும் சொல்லிவிட்டேன். இவர் வாசிகசாலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார். டோச் இல்லாமல்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ஐயா. உங்களைப் பற்றி ஊரில் யாராவது கூடக் குறையக் கதைத்தால், என் ஐயா கெட்டவர் இல்லை, பிழை விட்டவர் என்று எதிர்த்துச் சொல்வேன். அதே வாயால், அந்தோனி மாமா மன்னித்துவிட்டார் என்று யாராவது முடித்துவைக்கப் பார்த்தால் அதையும் எதிர்ப்பேன். அது அவர் சொல்லவேண்டியது. மன்னாரிலிருந்து ஆள் வரும்வரைக்கும் நானும் காத்திருக்கிறேன், நீங்களும் இருக்குமிடத்தில் இருந்து காத்திருங்கள். வராமலே போகலாம். அவர் முப்பது வருடம் காத்திருந்தவர், ஐயா.

இப்படிக்கு,
உங்களில் கோபம் ஆறாத, உங்களில் ஆசை குறையாத
உங்கள் மூத்த மகள்,
கரம்பொன்.